ஹிஸ்டோடெக்னீஷியன் என்றால் 'உதவியாளர்' இல்லை

நோயாளியிடமிருந்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்படி ஸ்லைடாகத் தயாரித்துக் கொடுப்பவர் ஹிஸ்டோடெக்னீஷியன். அவரை 'ஆய்வக உதவியாளர்' என்று தமிழாக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 'திசு உதவியாளர்' என்று எழுதுவது அதைவிட மோசம்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'ஹிஸ்டோஸ்' என்றால் தறி, தறியில் நெய்தது. திசுவைக் குறிக்கும் ஆங்கில டிஷ்யூவும் 'நெய்தது' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்தான். திசுக்களை ஆராயும் துறைக்கு ஹிஸ்டாலஜி என்ற பெயரை 1819இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் மேயர் கொண்டுவந்தார். டெக்னீஷியனுக்குள் இருக்கும் 'டெக்னே' கைத்திறனைக் குறிக்கிறது.

சரி, இதில் உதவி எங்கே இருக்கிறது? வேலையிலும் இல்லை. ஃபார்மலினில் பதப்பட்டு வரும் துண்டை ஆல்கஹாலில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பாரஃபின் மெழுகை ஊறவிட்டு, கட்டியாகப் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்தில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கமில்லாமல் ஸ்லைடில் ஏந்தி, ஹீமடாக்சிலின், ஈயோசின் என்ற சாயங்களை ஏற்றிக் கொடுப்பவர் இவர். தோல் துண்டைக் கிடத்திப் பதித்துவிட்டால் அடுக்குகள் சரியாகத் தெரியாது. கடுகளவு பயாப்சியை அளவுக்கு மீறிச் சீவிவிட்டால் நோய் இருந்த இடமே போய்விடும். நோயியல் மருத்துவர் கண்டறிவதெல்லாம் இவர் செய்து கொடுத்த ஸ்லைடிலிருந்துதான்.

உதவியாளர் பணியை நான் தாழ்த்தவில்லை, அது வேறு பணி. அமெரிக்காவில் ஹிஸ்டோடெக்னீஷியன், அதற்கு மேற்படியான ஹிஸ்டோடெக்னாலஜிஸ்ட் இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு, தனித்தனிச் சான்றிதழ். பிரிட்டனில் மருத்துவ ஆய்வகப் பணியாளருக்கான 'பயோமெடிக்கல் சயன்டிஸ்ட்' சட்டம் காக்கும் பட்டம், பதிவு செய்யாதவர் போட்டுக்கொள்ள முடியாது. பெயருக்காக அங்கே இவ்வளவு நடக்கிறது, நாமோ எல்லாரையும் ஒரே 'உதவியாளர்' என்ற சொல்லில் அடைத்துவிடுகிறோம்.

'திசு வல்லுநர்' என்பதும் ஒத்துவராது. அது மேலே தூக்கிவிடுகிறது, படிப்பவர் நோயியல் மருத்துவரையே நினைத்துக்கொள்வார்.

என் தேர்வு 'இழையத் தொழில்நுட்பர்'. திசு என்பது ஆங்கில ஒலியைக் கேட்டு எழுதியது. ஈழத்துப் பாடநூல்கள் பழக்கிய 'இழையம்' அப்படியில்லை, இழைகளால் ஆனது என்ற பொருளைத் தமிழிலேயே சொல்லிவிடுகிறது, கிரேக்கத் தறிக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. திசுவில் பழகியவர்கள் 'திசுத் தொழில்நுட்பர்' என்று எழுதட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. மேற்படியில் உள்ள டெக்னாலஜிஸ்ட்டுக்குத் 'தொழில்நுட்பவியலாளர்' இருக்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள், சான்றிதழ் வேறு வேறு.

மொழிபெயர்ப்பவர்கள் அந்த வேலை என்னவென்று ஒருமுறை விசாரித்திருந்தாலே போதும், இந்தக் குழப்பம் வந்திருக்காது. மருத்துவர், செவிலியர் தவிர மருத்துவமனையில் யாரைக் கண்டாலும் 'உதவியாளர்', 'ஊழியர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர், உயிரணுக்களைப் பரிசோதிக்கும் சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்று எல்லாருக்கும் இதே கதிதான்.