பஞ்சுப் பொம்மைகள் திரும்பப் பெறப்படும்போது வாங்கியவருக்கு உள்ள உரிமைகள்

குழந்தை பஞ்சுப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கும், அதன் காதை வாயில் வைத்துச் சப்பும் என்பதைக் கணக்கில் கொண்டே பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டுள்ளன. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 71, கட்டியணைப்பதற்கான மென்பொம்மைகளை மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கானவையாகவே கருதுகிறது. ஆகவே, ‘மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு உற்பத்தியாளர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது.

பெரும்பாலான ஆபத்துகள் மூச்சடைப்பைச் சார்ந்தவை. அமெரிக்க விதிப்படி, 31.7 மி.மீ. விட்டமும், சாய்ந்த அடிப்பகுதியால் 25.4 முதல் 57.1 மி.மீ. வரை மாறும் ஆழமும் கொண்ட ஓர் உருளை இதற்கு அளவுகோலாகும். பொம்மையை இழுத்தும் முறுக்கியும் சோதிக்கையில் கழன்று வரும் கண்ணோ மூக்கோ, அழுத்தாமலேயே அவ்வுருளைக்குள் முழுமையாக அடங்கிவிட்டால், அப்பொம்மையை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென விற்கக் கூடாது. கண்களை இழுத்துப் பார்க்கும் பெற்றோர்கூட, பஞ்சை அடைத்த பின் கடைசியாக மூடப்படும் முதுகுத் தையலைக் கவனிப்பதில்லை; அது பிரிந்தால் உள்ளிருக்கும் பஞ்சு நேரே வாய்க்குப் போகும். ஒலி எழுப்பும் பொம்மைகளில் உள்ள பட்டன் பேட்டரி இன்னும் கொடியது. விழுங்கிய இரண்டு மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும் என்பதால், ஐயம் எழுந்தவுடனேயே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அமெரிக்காவில், கடும் ஆபத்தைக் குறிக்கும் குறைபாடு தெரியவந்த 24 மணி நேரத்திற்குள் நிறுவனம் அதை நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். திரும்பப் பெற ஆணையிடப்பட்டால் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றுள் ஒன்று வாங்கியவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/988 ஒழுங்குமுறை, பொதுவாக இம்மூன்றில் இரண்டையேனும் முன்வைத்து, தெரிவை நுகர்வோரிடம் விடச் சொல்கிறது. ஆபத்தைக் குறைத்துக் காட்டும் ‘முன்னெச்சரிக்கையாக’, ‘தன்னார்வமாக’ போன்ற சொற்களையும் திரும்பப் பெறும் அறிவிப்பில் அது தடை செய்கிறது. அத்தகைய சொற்களைப் படித்துவிட்டுப் பொம்மையைக் குழந்தையிடமே விட்டுவிடுவோர் பலர் என்பதால், இத்தடை மிகவும் தேவையானது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 20ஆவது பிரிவின்படி, ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு வழங்கியுள்ளது.

அறிவிப்பைக் கண்டவுடன் பொம்மையைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தையலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும் துணிச்சீட்டில் மாதிரி எண்ணையும் பேட்ச் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அச்சீட்டு குழந்தையின் தோலை உறுத்துகிறது என்று வெட்ட நேர்ந்தால், எறியாமல் எடுத்து வைப்பது நல்லது. சில நிறுவனங்கள் பொம்மையை வெட்டிப் படமெடுத்து அனுப்பினால் போதும் என்கின்றன. எனவே அறிவிப்பை முழுதும் படிக்கும் முன் குப்பையில் போட வேண்டாம். திரும்பப் பெறப்பட்ட பொம்மையைப் பழைய பொருளாக விற்பதும் அமெரிக்கச் சட்டத்தில் குற்றமே. உறவினர் குழந்தைக்குக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளின் அறிவிப்புகளை பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் உலகளாவிய இணையதளத்தில் ஒரே இடத்தில் தேடலாம்.

அறிவிப்பு எதுவும் வராத பொம்மையில் கண் கழன்றாலோ தையல் பிரிந்தாலோ, கழன்ற பகுதியையும் பொம்மையையும் பத்திரப்படுத்தி, படங்களுடன் உற்பத்தியாளரிடமும் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடமும் புகார் அளிக்கலாம்.