ஏற்றத்தில் கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

"மேட்டில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, கார் ஏறமாட்டேன் என்கிறது. கிளட்ச் போய்விட்டதா?" என்று ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் போய்விட்டதுதான். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு, மெதுவாகக் கிளட்சை விட்டுப் பாருங்கள். இன்ஜின் நின்றுபோனால் கிளட்ச் பிடிக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமும் கருகும்.

இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலுக்கும், அதன் மேல் அழுத்தும் தகடான பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே, கியர்பொக்ஸைச் சுழற்றும் கிளட்ச் பிளேட் இறுகி நிற்கிறது. எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு உராய்வு, இது பள்ளிக்கூடப் பாடம். அந்த அழுத்தத்தைத் தரும் டயஃப்ரம் ஸ்பிரிங்தான் முழுக் காரிலும் எனக்குப் பிடித்த பாகம்.

லேசான கூம்பாக வளைத்த ஒற்றை எஃகுத் தகடு அது. நடுவை நோக்கி விரல்கள் வெட்டியிருக்கும். சுருள் ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். இது பால்மா டின் மூடி மாதிரி: முதலில் முறைக்கும், உச்சத்தைத் தாண்டினால் விட்டுக்கொடுக்கும். புது பிளேட் போடும்போது ஸ்பிரிங் அந்த உச்சத்தைத் தாண்டி அமுங்கியிருக்கும். பிளேட் தேயும்போது அது சற்றே நிமிர்ந்து உச்சத்தை நோக்கித் திரும்புகிறது. ஆக, தேயத் தேய அழுத்தம் முதலில் கூடுகிறது! சுருள் ஸ்பிரிங்காக இருந்தால் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வரும். இங்கே மிதி கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். உச்சத்தின் மறுபக்கம் இறங்கிய பிறகுதான் அழுத்தம் விழும். அப்புறம் ஒருநாள் இறம்பொடை ஏற்றத்தில் கைவிட்டுவிடும்.

மலைநாட்டில் பிளேட்டைத் தின்பது ஹாஃப் கிளட்ச், அதாவது மிதியைப் பாதி மிதித்தபடியே வைத்திருப்பது. பத்துக்கு ஒன்று சரிவில், 1,200 கிலோ காரைப் பிரேக் இல்லாமல் முதல் கியரில் கிளட்சாலேயே நிறுத்தி வைத்தால், அந்த பிளேட்டில் சுமார் 2 கிலோவாட் வெப்பம் பிறக்கிறது. புது கிளட்ச் ஆறு மாதத்தில் போனால் கண்ணூறு என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறோம். கட்டுங்கள், சண்டை இல்லை. ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் இழுங்கள்.

மாற்றுவதில் பாதி வேலை கியர்பொக்ஸை இறக்குவதுதான். பிளேட், பிரஷர் பிளேட், மிதிக்கும்போது ஸ்பிரிங் விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பெயாரிங்குக்காக மறுபடி கியர்பொக்ஸை இறக்கினால் கூலி இரட்டிப்பு. பிளைவீலில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது. கடைசல் பிடிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டுக்குப் பின்பக்கம் உள்ள சீலில் ஒயில் கசிகிறதா என்றும் மெக்கானிக் பாஸைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிந்தால் புது பிளேட்டும் வழுக்கும்.