ட்ரைக்கோம்: இலைத்தூவியா, சுணையா?

தக்காளிச் செடியில் பக்கக்கிளை கிள்ளிய கையைப் பாருங்கள். விரல் நுனியில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை படிந்திருக்கும். கழுவினாலும் சட்டென்று போகாது. தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர்களின் நுனிச் சுரப்பிகள் உடைந்து கசிந்தது அது. தக்காளிச் செடியின் வாசனையும் அங்கிருந்தே வருகிறது. இம்மயிருக்குத் தாவரவியலில் ட்ரைக்கோம் என்று பெயர். கிரேக்கத்தில் 'த்ரிக்ஸ்' என்றால் முடி. 'ட்ரிக்கோமா' முடி வளர்ந்திருப்பதைக் குறிக்கும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வேரின் மயிருக்கு வேர்த்தூவி என்ற சொல் பாடநூல்களில் ஊன்றிவிட்டது. அந்த வழியில் இலைத்தூவி என்பதே பொருத்தம். பறவையின் மெல்லிறகைக் குறித்த பழஞ்சொல் தூவி. நுனியில் சுரப்பி இருந்தால் சுரப்பித்தூவி எனலாம். சுணை என்ற அருமையான சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் அது கரும்புத் தோகை, மூங்கில், வைக்கோல் போன்றவற்றில் மேலில் பட்டால் அரிப்பதற்கு உரியது. துளசியின் தூவி அரிக்காதே! அதைச் சுணை என்று சொல்லக் கூடாது.

கலப்பினச் செடிக்கு இத்தூவி எப்படி வருகிறது? ஒரு பெற்றோர் தூவியுள்ளதாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால், பல செடிகளில் முதல் தலைமுறை தூவியோடு பிறக்கும். அடர்த்தி நடுத்தரமாக இருப்பதும் உண்டு. இது எதிர்பார்க்கக் கூடியதே. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தாவர மரபியலாளர் எடித் ரெபெக்கா சாண்டர்ஸ், மத்தியோலா என்னும் பூச்செடியில் தூவியே இல்லாத இரு வகைகளைக் கலந்தார். பிறந்த செடிகளின் இலைகளிலோ நரைத்தாற்போல் தூவி! தூவி முளைக்கப் பல மரபுக்காரணிகள் (ஜீன்கள்) ஒன்றுசேர வேண்டும். ஒரு பெற்றோரிடம் ஒன்று குறை, மற்றதிடம் வேறொன்று குறை. பிள்ளைக்கு இரண்டும் கிடைத்துவிட்டன. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெற்றோரைத் தேர்ந்தால் இதை முன்கூட்டி அறிய முடியாது.

பருத்தி இனவிருத்தியில் தூவிக்குத் தனி மதிப்பு. அடர்ந்த தூவியுள்ள இலையில், சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி முட்டையிடத் திணறும். இலை ஓரம் மஞ்சளாகிச் சுருளும் சேதம் குறையும். அதே அடர்த்தி வெள்ளை ஈக்கு வசதியாகிவிடுகிறது. ஆகவே தூவி மிகுந்த ரகத்தைப் பெற்றோராக எடுக்கும்போது, அந்த வட்டாரத்தில் எந்தப் பூச்சி அதிகம் என்பதையும் பார்த்தே எடுக்க வேண்டும்.