எண்ணெய் குடிப்பது அடுப்பிலா, தட்டிலா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "உருளைக்கிழங்கை வேகவைத்து, நடுவில் குடைந்து, பன்னீரும் பட்டாணியும் சேர்த்த மசாலாவை அடைத்து, மாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தெடுக்கிறேன். தொட்டுக்கொள்ளக் காய்கறி டிப். ஒரு நாள் அருமையாக வருகிறது. இன்னொரு நாள் எண்ணெயாகக் குடித்துவிடுகிறது. சில சமயம் வாணலியிலேயே வெடித்துச் சிதறுகிறது. வந்தவர்கள் கண் பட்டுவிட்டது என்கிறார் என் மாமியார். உண்மையில் என்ன நடக்கிறது?"

வெடிப்பதற்கான காரணம் எளிது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மசாலாவில் ஈரம் மிஞ்சியிருந்து, குடைந்த வாயைக் கெட்டி மாவால் இறுக மூடியும் விட்டால், அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் கிழங்கைப் பிளந்துகொண்டுதான் வரும். மசாலாவை ஈரம் சுண்டும்வரை வதக்கி, முழுக்க ஆறவைத்து, காற்று இடைவெளி விடாமல் அழுத்தி அடைக்க வேண்டும். உள்ளே இருப்பது எண்ணெயில் வேகும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஒரு பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால், வெப்பம் அதன் நடுப்பகுதியை எட்ட நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆகவே எல்லாவற்றையும் முன்னதாகவே வேகவைத்துவிட வேண்டும். வாணலியின் வேலை மேல்பகுதியை மொறுமொறுப்பாக்குவது மட்டுமே.

குடையும்போது கிழங்கு உடைகிறதென்றால் அது இன்னும் ஆறவில்லை. ஸ்டார்ச் மணிகள் 60 முதல் 70 டிகிரியில் நீரை உறிஞ்சி உப்பிக் குழைகின்றன. ஆறும்போது அவற்றிலுள்ள மூலக்கூறுகள் மறுபடியும் ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. வெந்த கிழங்கைச் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பிறகு குடைந்தால் ஓரங்கள் சிதையாமல் வரும்.

பச்சைக் கிழங்கை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் நொதிகள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகும் வினையை 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மயார் விவரித்தார். பொரித்த பண்டங்களின் மணமும் பொன்னிறமும் பெரும்பாலும் அதன் கொடைதான். சர்க்கரை கூடினால் அதே வினை எல்லை மீறி, உள்ளே சூடேறும் முன்பே மேற்புறம் கருகிக் கசக்கிறது. கூடவே அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாகிறது. பொரித்த, சுட்ட உணவுகளில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தபோது உலகமே திடுக்கிட்டது. கோயம்பேட்டில் வாங்கும் கிழங்கு குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். வீட்டில் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு வாரம் போட்டுவைத்தால் சர்க்கரையின் ஒரு பகுதி மறுபடியும் குறையும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். எனக்குச் சலிக்கவே சலிக்காத பகுதி இது.

வாணலியில் கிழங்கைப் போட்டதும் சடசடவென்று குமிழ்கள் கிளம்புகின்றன. எண்ணெய் கொதிப்பதாகப் பேச்சு வழக்கில் சொல்கிறோம். ஆனால் 175 டிகிரியில் எண்ணெய் கொதிப்பதில்லை. கொதிப்பது கிழங்கிலும் மாவிலும் உள்ள தண்ணீர். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மேற்பரப்பை ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகி, உள்ளிருந்து வெளியே விடாமல் பீறிட்டுக்கொண்டே இருக்கிறது. அது பீறிடும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. ஆவியின் அழுத்தம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீர் மிச்சமிருக்கும் இடத்தில் வெப்பநிலையும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அதனால்தான் இத்தனை சூடான எண்ணெயில் கிடந்தும் உள்ளே இருக்கும் பன்னீர் கருகாமல் மென்மையாகவே இருக்கிறது.

நீர் வெளியேறிய இடங்களெல்லாம் நுண்துளைகளாக மிஞ்சுகின்றன. ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு மேலோடு உலர்ந்து, 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, பொன்னிறமாகிறது. இந்தக் கட்டத்தில் அந்தத் துளைகளில் எண்ணெயை விட நீராவியே நிறைந்திருக்கிறது.

கிழங்கை வெளியே எடுக்கிறோம். அடுத்த சில நொடிகளில்தான் எல்லாமே தீர்மானமாகிறது. மேலோடு குளிரத் தொடங்குகிறது, துளைகளுக்குள் இருக்கும் நீராவியும் குளிர்ந்து நீராகிறது. 100 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 80 டிகிரிக்கு இறங்கினால் அதில் பாதிகூட இருக்காது. 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான். துளைக்குள் அழுத்தம் இப்படிச் சரிந்தால், வெளியே இருக்கும் காற்று எதையாவது உள்ளே தள்ளியே தீரும். எதைத் தள்ளும்? துளையின் வாயில் எது இருக்கிறதோ அதை. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகும். படலம் வடிந்திருந்தால் காற்றுதான் போகும். நெரிசல் நேரத்து மாநகரப் பஸ்ஸில் இறங்குபவர்கள் இறங்கி முடியும்வரை யாராலும் ஏற முடியாது. இறங்கி முடிந்த நொடியில், படிக்கட்டை ஒட்டி நிற்பவர்தான் முதலில் ஏறுவார். எண்ணெயும் அப்படித்தான் வாசலிலேயே காத்து நிற்கிறது.

இதை மிக எளிய ஒரு வழியில் சோதித்தார்கள். 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், உருளைக்கிழங்கு வில்லைகள் பொரிந்துகொண்டிருக்கும்போது வெவ்வேறு நேரங்களில் எண்ணெயில் சாயம் கலந்து பார்த்தார்கள். எண்ணெய் தொடக்கம் முதலே உள்ளே போய்க்கொண்டிருந்தால், கடைசியில் கலந்த சாயம் குறைவாகத்தான் ஏறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எண்ணெயின் பெரும்பகுதி, வில்லைகளை வெளியே எடுக்கும்போதுதான் சேர்ந்திருந்தது. ஒரு சிட்டிகைச் சாயத்தால் இயற்கையிடம் இவ்வளவு தெளிவான பதில் வாங்கிய அந்த அழகை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது.

நம் பாட்டிமார்கள் ஜல்லிக்கரண்டியை வாணலி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, எண்ணெய்க்கு மேலேயே சிறிது நேரம் தூக்கிப் பிடித்திருப்பார்களே, அதில் எத்தனை நுட்பம் இருக்கிறது பாருங்கள். மேலே வரும் சூட்டில் துளைகளின் ஆவி உடனே குளிர்வதில்லை. எண்ணெயும் சூடாக, நீர்மையாக இருப்பதால் சட்டென்று வடிந்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் சமையல் எண்ணெய், பொரிக்கும் சூட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. ஆறிவிட்டால் அது வடியாது. எடுப்பதற்கு முன் தீயைத் தணிக்காதீர்கள். எடுத்தவுடன் உதறுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிக்காமல் கம்பித் தட்டில் தள்ளித் தள்ளி நிறுத்தி வையுங்கள். செய்தித்தாளில் மட்டும் வடியவிடாதீர்கள். அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து உணவில் சேரும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய பழைய எண்ணெயிலும் பண்டம் எண்ணெய் குடிக்கும். சிதைந்த எண்ணெய் பிசுபிசுப்பாகி மேற்பரப்பில் அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம்.

இப்போது மாமியார் சொன்னதைப் பார்ப்போம். விருந்தாளி வந்த நாளில் பண்டம் எண்ணெய் குடித்தது என்ற கவனிப்பு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அழைப்பு மணி அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்குப் போகிறோம். வாணலியில் கிடக்கும் கிழங்கின் ஆவி அடங்குகிறது, எண்ணெய் அங்கேயே உள்ளே புகுந்துவிடுகிறது. அல்லது அவசரமாக எடுத்து ஒரே பாத்திரத்தில் குவித்துவிட்டுப் போகிறோம். கவனித்தது சரி, கற்பித்த காரணம்தான் தவறு. அந்தத் தவறு சும்மாவும் போவதில்லை. கண் வைத்தவர் என்று விரல் நீளும்போது அது கணவனை இழந்த பெண்ணையோ குழந்தையில்லாத பெண்ணையோ நோக்கித்தான் பெரும்பாலும் நீள்கிறது. ஒரு தட்டுப் பலகாரத்துக்காக ஒரு மனுஷியை வீட்டுக்கு வரவே தயங்க வைக்கிற நம்பிக்கையை வெறும் வழக்கம் என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. நீராவியின் அழுத்தம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-இல் சிப்ஸுக்கென்றே குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களை வெளியிட்டது. நீர் குறைவு, சர்க்கரை குறைவு, சிறப்பான பணி. பாக்கெட் சிப்ஸுக்குப் பின்னால் பெரிய தொழில் இருக்கிறது, அதற்கு ஆய்வும் கிடைக்கிறது. மெரினாவில் பஜ்ஜி போடும் பெண்மணிக்கு எந்தக் கிழங்கு, எந்த மாவு, எண்ணெயை எத்தனை முறை காய்ச்சலாம் என்று சொல்லும் ஆய்வுக்கும் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும். மாலைதோறும் அந்த வாணலியிலிருந்து இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்.

மொறுமொறுப்பு ஏன் நிலைப்பதில்லை என்பதற்கும் சென்னைக்குச் சிறப்பான காரணம் உண்டு. உலர்ந்த மேலோட்டில் ஸ்டார்ச் கண்ணாடியைப் போன்ற இறுகிய நிலையில் இருக்கிறது, கடித்தால் நொறுங்கும். சிறிது நீர் சேர்ந்தாலே மூலக்கூறுகள் நழுவத் தொடங்கி, அது தோல்போல இழுபடும். கடற்காற்றின் ஈரம் வெளியிலிருந்தும், கிழங்கின் நீர் உள்ளிருந்தும் வருவதால் பண்டம் விரைவில் நமத்துப்போகிறது. ஹாட் பாக்ஸில் போட்டு மூடினால் அதன் ஆவியே அதைக் கெடுத்துவிடும். அரிசி மாவோ சோள மாவோ கலந்த மேல்பூச்சு, வெறும் மைதாவைவிடச் சிறிது நேரம் கூடுதலாகத் தாங்கும்.

டிப்பும் இதே ஈரக் கணக்கில்தான் வருகிறது. நீர்த்த சட்னியில் முக்கினால் மேலோடு நொடியில் ஊறிவிடும். கேரட்டையும் சிவப்புக் குடமிளகாயையும் பூண்டுடன் நன்றாக வேகவைத்து அரையுங்கள். வேகும்போது செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைவதால் விழுது திப்பி இல்லாமல் வரும். கரைந்த பெக்டின் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியில் கட்டி வடித்த தயிருடன் கலந்தால் கிழங்கில் ஒட்டும், ஊறாது. வெள்ளரி சேர்ப்பதென்றால் துருவி, உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, சவ்வூடுபரவலால் வெளியேறும் நீரைப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

பெரம்பூர் வாசகிக்கு ஒரு வேண்டுகோள். சமையல் தராசு இருந்தால், ஒரே எண்ணெயில், ஒரே சூட்டில், சம எடையுள்ள கிழங்குகளை இரண்டு ஈடாகப் பொரியுங்கள். ஒரு ஈட்டை எடுத்தவுடன் உதறிக் கம்பித் தட்டில் நிறுத்துங்கள். மற்றதை உதறாமல் ஒரு கிண்ணத்தில் குவியுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னும் பின்னும் வாணலியை எண்ணெயோடு நிறுத்துப் பார்த்து, எது எத்தனை கிராம் எண்ணெயைக் கொண்டுபோனது என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் ஒரு விருந்தாளியையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி இன்னொரு முறை செய்து பாருங்கள்.