ஃபீமா கடிதத்தில் ‘தகுதி இல்லை’ என்று வந்தால்

புயலோ வெள்ளமோ ஓய்ந்து வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக்கொண்டிருக்கும் நேரத்தில், அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் உதவி நிறுவனமான ஃபீமாவிடமிருந்து ஒரு கடிதம் வரும். ‘உதவிக்குத் தகுதி இல்லை’ என்ற வரியைப் பார்த்ததுமே மனம் விட்டுப்போய் அதை ஓரமாக வைத்துவிடுபவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதற்குக் கீழே, வீட்டுப் பழுது, வாடகை, பொருள் இழப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணம் இருக்கும். பல நேரம் அது ஒரே ஒரு காகிதம் போய்ச் சேராததுதான்.

அதிபர் பெரும் பேரிடர் என்று அறிவித்து, உங்கள் கவுண்டியும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தனிநபர் உதவிப் பட்டியலில் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு நாளிலிருந்து பொதுவாக 60 நாள் அவகாசம். இணையத்திலோ, ஃபீமா செயலியிலோ, 1-800-621-3362 என்ற எண்ணிலோ விண்ணப்பிக்கலாம். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உண்டு.

இந்த உதவி கடன் இல்லை, வருமான வரியும் கிடையாது. 2024-ல் ஹெலீன் புயலுக்குப் பிறகு, 750 டாலர்தான் மொத்த உதவி, அதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று வதந்தி பரவியது. இரண்டுமே தவறு. சாப்பாடு, தண்ணீர், குழந்தைக்குப் பால் மாவு, மருந்து, பெட்ரோல் போன்ற அவசரச் செலவுக்கு முதலில் கொடுக்கும் தொகை அது. 2024 அக்டோபர் 1 முதல் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு இது 770 டாலர் ஆனது. வீட்டுக்கு அதிகபட்சம் 43,600 டாலர், மற்ற தேவைகளுக்குத் தனியாக இன்னொரு 43,600 டாலர் என்பது அப்போதைய உச்சவரம்பு. இவை ஆண்டுதோறும் மாறும்.

அதிகமாக மாட்டிக்கொள்வது இன்ஷூரன்ஸில்தான். காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் அதே இழப்புக்கு ஃபீமாவும் பணம் தர சட்டம் இடம் கொடுக்காது. அதனால் பாலிசி இருக்கிறது என்று எழுதியிருந்தால், அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள், எதை மறுத்தார்கள் என்ற கடிதம் வரும் வரை விண்ணப்பம் அப்படியே நிற்கும். ஃபீமாவின் கடிதத்திலோ அது ‘தகுதி இல்லை’ என்றே வரும். காப்பீட்டுக் கடிதம் கைக்கு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

முடிவு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து 60 நாள்; உங்கள் கைக்கு வந்த தேதி கணக்கில்லை. ‘வீடு குடியிருக்கத் தக்கதாகவே இருக்கிறது’ என்று மறுத்திருந்தால், கோபத்தை எழுதிப் பயனில்லை. சுவர்ப்பலகை எத்தனை அடி நனைந்தது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடுகிறதா என்று பிரித்துப் பிரித்து எழுதிய ஒப்பந்தக்காரரின் மதிப்பீடும் படங்களும்தான் பேசும். குடியிருந்ததற்குச் சான்று கேட்டிருந்தால் வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ போதும். கடிதத்தில் உள்ள ஒன்பது இலக்க விண்ணப்ப எண்ணையும் நான்கு இலக்கப் பேரிடர் எண்ணையும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் காகிதம் யாருடையது என்றே தெரியாமல் போகலாம்.

நம் குடும்பங்களுக்கு முக்கியமான விஷயம் விசா. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் ஃபீமா பணம் வாங்க முடியாது. 1996-ல் வந்த சட்டம் அதைக் குடிமக்கள், பச்சை அட்டைக்காரர்கள், அகதிகள் போன்ற சிலருக்கு மட்டும் என்று வரையறுத்துவிட்டது. ஒழுங்காக வரி கட்டுபவருக்கு இது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் 18 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை அமெரிக்காவில் பிறந்த குடிமகனாக இருந்து, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால், அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் விசா நிலை அங்கே தடையில்லை. இது தெரியாமலே ‘நமக்குக் கிடைக்காது’ என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை இல்லாதவர்களுக்கும் முகாமில் இடம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு விசா தடையில்லை.

அப்புறம், வீட்டைப் பார்க்க வரும் ஆய்வாளர் பணம் கேட்க மாட்டார், வங்கி விவரமும் கேட்க மாட்டார். படம் போட்ட அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பணம் வந்த பிறகு, கடிதத்தில் எதற்கு என்று சொல்லியிருக்கிறதோ அதற்கே செலவழித்து, ரசீதுகளை மூன்று ஆண்டு பத்திரமாக வையுங்கள்.