தண்ணீர் வளைத்த வாள்

"ஜப்பானிய வாளை அடித்து அடித்துத்தான் அப்படி வளைக்கிறார்களா? நுனி முதல் பிடி வரை ஒரு பிசிறில்லாமல் அந்த வளைவு எப்படி வருகிறது?" என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கொல்லர் சம்மட்டியால் தருவது ஏறக்குறைய நேரான ஒரு வாளைத்தான், மிஞ்சிப்போனால் சிறு வளைவு இருக்கும். மீதி வளைவைக் கொடுப்பது தண்ணீர். செக்கச்செவேலென்று காய்ந்த வாளைத் தொட்டியில் இறக்கிய சில நொடிகளுக்குள், யாரும் தொடாமலே அது தானாக வளைகிறது. அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஜப்பானிலும் தொடக்கத்தில் வாள்கள் நேராகத்தான் இருந்தன. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8ஆம் நூற்றாண்டின் நேர்வாள்கள் இன்றும் இருக்கின்றன. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் குதிரையேறிப் போரிடும் வீரர்கள் பெருகியபோது 'தாச்சி' என்ற வளைந்த வாள் நிலைபெற்றது. ஓடுகிற குதிரையின் மேலிருந்து வீசும்போது வளைந்த அலகு வெட்டுப்பட்ட இடத்தில் இழுத்து அறுத்துக்கொண்டு போகும். பிற்காலத்தில் இடுப்பில் செருகிக்கொண்ட 'கட்டானா' அதன் வழிவந்தது. வளைவின் ஆழம் கட்டானாவில் சாதாரணமாக ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.

மூலப்பொருள் இரும்பு மணல். அதையும் மரக்கரியையும் 'ததாரா' என்ற களிமண் உலையில் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்று நாள் இரவு பகலாகத் துருத்தி ஊதுவார்கள். கடைசியில் உலையையே உடைத்தால் உள்ளே ஒரு பெரிய இரும்புக் கட்டி கிடக்கும். இரும்பு முழுக்க உருகி ஓடாததால் கட்டியில் ஓரிடத்தில் கரிமம் அதிகம், ஓரிடத்தில் குறைவு. நல்ல பகுதிகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அதுதான் 'தமாஹகனே'. அதைத் தட்டையாக்கி, மடித்து, மறுபடி காய்ச்சி அடித்து ஒட்டவைப்பார்கள். மடிக்க மடிக்கக் கசடு வெளியே தெறிக்கும், கரிமம் எங்கும் சமமாகப் பரவும். "ஆயிரம் முறை மடித்த வாள்" என்று பலரும் சொல்வது மிகை. பத்து முதல் பதினைந்து முறை மடித்தாலே போதும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிப்பதால், பத்தாவது மடிப்பில் 1,024 அடுக்குகள் வந்துவிடும். அதற்கு மேல் மடித்துக்கொண்டே போனால் கரிமம்தான் எரிந்து வீணாகும். கடைசியில் அலகின் விளிம்பில் 0.6 அல்லது 0.7 விழுக்காடு கரிமம் நிற்கும்.

வாள் உருவம் பெற்றதும் கொல்லர் அதன்மேல் ஒரு குழம்பு பூசுகிறார். களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் மூன்றும் கலந்தது. முதுகுப் பக்கம் கனமாக, வெட்டும் விளிம்பில் மிக மெல்லிசாக. கனமான பூச்சு சூட்டைப் பிடித்துவைக்கும், எனவே முதுகு மெதுவாக ஆறும் என்பது எளிதில் புரிகிறது. அப்படியானால் விளிம்பில் ஏன் பூச வேண்டும்? வெறுமனே விட்டால் இன்னும் சீக்கிரம் ஆறிவிடுமே?

ஆறாது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், துளி சட்டென்று ஆவியாகாமல் குண்டுமணி போல உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நீராவிப் படலம் உருவாகி, சூடு கடக்காமல் தடுத்துவிடுகிறது. வெறும் வாளைத் தண்ணீரில் விட்டாலும் இதேதான் நடக்கும். வழவழப்பான உலோகத்தைச் சுற்றி ஆவிப் போர்வை மூடிக்கொண்டு, குளிர்வதைத் தாமதப்படுத்தும். மெல்லிய மண்பூச்சின் மேற்பரப்பு அந்தப் போர்வையைத் தங்கவிடாது. ஆவி குமிழிகளாகப் பிய்ந்து போகும், புதுத் தண்ணீர் வந்து மோதும், சூடு வேகமாக இறங்கும். ஒரே மண்தான். கனமாகப் பூசினால் குளிர்ச்சியைத் தடுக்கிறது, மெல்லிசாகப் பூசினால் விரைவுபடுத்துகிறது. வெப்பவியல் பாடம் எதுவும் இல்லாத காலத்தில், பட்டறை அனுபவத்தால் மட்டுமே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பூச்சு காய்ந்ததும் வாளை 750 முதல் 800 டிகிரி வரை காய்ச்சுவார்கள். வெப்பமானி கிடையாது, நிறம்தான் கணக்கு. அதனால்தான் இந்த வேலையைப் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு செய்கிறார்கள். இந்தச் சூட்டில் எஃகின் அணு அடுக்கே மாறிவிடுகிறது. சாதாரணச் சூட்டில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக நிற்கும். 'ஆஸ்டெனைட்' என்ற சூடான நிலையில் மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் நிற்கும். முதல் அடுக்கில் மொத்த இடத்தில் 68 விழுக்காட்டை அணுக்கள் நிரப்புகின்றன. இரண்டாவதில் 74 விழுக்காடு. சூடான எஃகின் அணுக்கள்தான் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆனாலும் கரிம அணு உட்கார வசதியான பெரிய இடுக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. எனவே கரிமம் முழுக்க அதில் கரைந்துவிடுகிறது.

இனி வாள் தண்ணீருக்குள் போகிறது, விளிம்பு கீழே, முதுகு மேலே.

முதலில் விளிம்பு ஆறுகிறது. ஆறுகிற உலோகம் சுருங்கும். விளிம்பு சுருங்க, முதுகு இன்னும் சூட்டில் நீண்டே இருக்க, வாள் விளிம்பின் பக்கமாகக் குனிகிறது. அரிவாளைப் போல, வேண்டிய திசைக்கு நேர் எதிராக! முதன்முறை பார்ப்பவர்கள் வாள் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

ஓரிரு நொடிகளில் விளிம்பின் சூடு 300 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. மெதுவாக ஆறியிருந்தால், கரிம அணுக்கள் நிதானமாக விலகிப் போய்த் தனி அடுக்குகளாகச் சேர்ந்திருக்கும். இங்கே அதற்கு நேரமே இல்லை. இரும்பு அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்ப முயல்கின்றன, கரிமம் வெளியேற வழியில்லாமல் நடுவே சிக்கிக்கொள்கிறது. கனசதுரம் ஒரு பக்கமாக இழுபட்டு நீள்கிறது. இப்படிப் பிறப்பதுதான் 'மார்ட்டென்சைட்'. ஜெர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக வைத்த பெயர். அணுக்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து போவதில்லை. ஊசி ஊசியாக, வரிசை வரிசையாக, பக்கத்து அணுவைப் பிரியாமல் ஒன்றாகச் சரிகின்றன. சரியும் வேகம் எஃகில் ஒலி பாயும் வேகத்தை நெருங்கக்கூடியது. சிக்கிய கரிமம் அடுக்குகளை நழுவவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் விளிம்பு அவ்வளவு கடினமாகிறது. முதுகைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

வளைவின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. நெருக்கமான அடுக்கிலிருந்து தளர்வான அடுக்குக்கு, அதிலும் கரிமத்தால் இழுபட்ட அடுக்குக்கு மாறியதால் விளிம்பின் பருமன் கூடுகிறது. ஆறிக்கொண்டிருக்கும்போதே விளிம்பு நீள்கிறது! குனிந்திருந்த வாள் நிமிர்ந்து முதுகுப் பக்கமாக வளையத் தொடங்குகிறது.

அத்தோடும் முடியவில்லை. மண்போர்வைக்குள் மெதுவாக ஆறும் முதுகில் கரிமம் விலகிப்போக நேரம் இருக்கிறது. அங்கே 'பெர்லைட்' என்ற மென்மையான அடுக்கமைப்பு உருவாகிறது. அந்த மாற்றத்திலும் கொஞ்சம் பருமன் கூடும், வாள் இன்னொரு முறை விளிம்புப் பக்கம் லேசாகத் தலையசைக்கும். பிறகு முதுகு முழுவதும் ஆறிச் சுருங்குகிறது. விளிம்போ ஏற்கெனவே நீண்டு இறுகிவிட்டது. சுருங்கும் முதுகு வாளைப் பின்னோக்கி இழுக்க, நாம் அருங்காட்சியகத்தில் பார்க்கும் வளைவு நிலைத்துவிடுகிறது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் தத்சுவோ இனோவே இந்தத் தலையசைப்புகளைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார். சூடு, அணு அடுக்கு மாற்றம், உலோகத்தின் தகைவு மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பதால், மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது.

இதனால் இன்னொரு நன்மையும் விளைகிறது. நீள நினைக்கும் விளிம்பை முதுகு பிடித்துவைத்திருப்பதால், விளிம்பு எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கிறது. விரிசல் பிளப்பதற்கு இழுவிசை வேண்டும். அமுக்கத்தில் இருக்கும் எஃகில் விரிசல் எளிதில் பரவாது. மார்ட்டென்சைட் கடினமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. அந்தக் குறையை இந்த அமுக்கம் ஓரளவு ஈடுகட்டுகிறது. கொல்லர்கள் அதோடு விடவில்லை. பூச்சின் மேல் விளிம்பை நோக்கி மெல்லிய மண்கோடுகளை இழுத்துவைப்பார்கள். அந்தக் கோடுகளுக்கு அடியில் எஃகு மென்மையாகவே இருந்துவிடும். இந்தக் கோடுகளுக்கு 'ஆஷி', அதாவது கால்கள், என்று பெயர். சண்டையில் விளிம்பு சிதறினாலும் சிதறல் அடுத்த 'கால்' வரை போய் நின்றுவிடும்.

இவ்வளவும் சரியாக நடந்தால்தான். தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தாலோ, வாள் கூடுதலாகக் காய்ந்திருந்தாலோ "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும். விளிம்பு வெடித்துவிட்டது என்று பொருள். பல வார உழைப்பு அந்தச் சத்தத்தோடு போய்விடும். தண்ணீரின் சூட்டை அறியத் திருட்டுத்தனமாகத் தொட்டியில் கைவிட்ட சீடனின் கையைக் குரு வெட்டிவிட்டார் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, ஏன் அப்படியொரு கதை பிறந்தது என்பது மேலே சொன்ன அறிவியலில் இருக்கிறது. எண்ணெயில் தோய்த்தால் வெடிப்பு குறையும், ஆனால் குளிர்ச்சி மெதுவாவதால், முதலில் குனிந்த வாள் பல சமயம் குனிந்தபடியே நின்றுவிடுகிறது. வளைவு கொஞ்சம் குறைந்துபோனால் சரிசெய்ய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செம்புக் கட்டியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாளின் முதுகை மட்டும் அதன்மேல் வைத்து, உடனே தண்ணீரில் தோய்ப்பார்கள். முதுகு அந்த இடத்தில் இன்னும் சற்றுச் சுருங்கி வளைவைக் கூட்டும்.

இப்படி விளக்கினால் வாளின் "ஆன்மா" போய்விடுகிறதே என்று சிலர் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கொல்லர் வெண்ணிற உடை உடுத்தி, பட்டறையில் புனிதக் கயிறு கட்டி வேலையைத் தொடங்குவதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. தொழிலை மதிக்கும் வழக்கம் அது. ஆனால் வாளுக்குச் சாபம் உண்டு என்பதை ஏற்க முடியாது. முரமசா என்ற கொல்லரின் வாள்கள், பிற்காலத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகவா குடும்பத்தைப் பழிவாங்குபவை என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. அந்த ஆட்சியைத் தொடங்கிய இயெயாசுவின் பாட்டனார் கியோயாசு 1535இல் முரமசா வாளால் கொல்லப்பட்டார் என்பது அதற்கு முதல் சான்றாம். முரமசாவின் ஊர் இசே பகுதியின் குவானா. தொகுகவா குடும்பத்தின் மிகாவா அதற்கு அதிக தூரமில்லை. அக்கம்பக்கத்து வீரர்கள் பலரும் வாங்கி வைத்திருந்தது அந்தப் பட்டறையின் வாளைத்தான். அந்த வட்டாரத்தில் யார் கொல்லப்பட்டாலும் அது முரமசா வாளாக இருக்க வாய்ப்பு அதிகம். சாபம் எதற்கு, வரைபடம் போதும்.

இந்த அறிவு நம் காலம் வரை வந்துசேர்ந்தது தற்செயலாக நடந்ததன்று. 1876இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதற்குத் தடை விதித்தது, தொழில் நசிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் குனியிச்சி தவாரா, பழைய வாள்களை அறுத்து நுண்ணோக்கியில் ஆராயத் தொடங்கினார். அந்த ஆய்வு 1953இல் நூலாக வந்தது. பழைய ததாரா உலைகள் அணைந்து கொல்லர்களுக்கு எஃகு கிடைக்காமல் போனபோது, ஷிமானே மாவட்டத்தின் ஒகுஇசுமோவில் 1977இல் ஓர் உலையை மீண்டும் மூட்டினார்கள். இன்றும் குளிர்காலத்தில் அது எரிகிறது. ஒரு தடவைக்குச் சுமார் இரண்டரை டன் கட்டி கிடைக்கும், அதிலும் ஒரு பகுதிதான் தமாஹகனே. உரிமம் பெற்ற கொல்லர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் செய்யக்கூடாது என்பது ஜப்பானில் விதி.

"பழைய வாளை ஆராயவெல்லாம் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தோய்ச்சலில் வாள் எப்படி வளையும் என்பதைச் சொல்லும் அதே கணக்குதான் கார் பற்சக்கரம் தோய்ச்சலில் எவ்வளவு கோணும் என்பதையும் சொல்கிறது. இடைக்காலத்தில் பாரசீகம், மேற்காசியா வரை போய்ப் பேர்பெற்ற வாள்களாக மாறிய மூசை எஃகை, அதாவது மூடிய மண்குவளையில் வைத்துக் காய்ச்சிய எஃகை, தென்னிந்தியக் கொல்லர்கள் செய்தார்கள். கொடுமணலில் நொய்யல் கரையோரம் பழைய உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறோம். ஒகுஇசுமோவைப் போல, ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த முறையில் எஃகு காய்ச்சிப் பார்க்கும் உலை ஒன்றுக்கு நாம் தாராளமாகச் செலவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோண்டி எடுத்ததைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதால் மட்டும் கைப்பக்குவம் திரும்பி வராது.

மாணவி இன்னொன்றும் கேட்டிருந்தார்: இணையத்தில் விற்கும் வாள்களிலும் விளிம்போரம் அலையலையான வெண்கோடு தெரிகிறதே, அவையும் இப்படித் தோய்த்தவையா? அந்தக் கோட்டின் பெயர் 'ஹமோன்'. மார்ட்டென்சைட்டும் பெர்லைட்டும் சந்திக்கும் எல்லை அது. மலிவான வாள்களில் பெரும்பாலும் அமிலம் தடவியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ அதைப் போலியாக வரைந்துவிடுகிறார்கள். அசல் வாளை ஒரு விளக்கொளிக்கு எதிரே மெல்லச் சாய்த்துப் பார்த்தால், கோட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியும் நுண்மணிகள் தனித்தனியாக மின்னும், அல்லது பனிமூட்டம் போன்ற ஒரு வெண்மை தெரியும். மணியாகத் தெரிவது 'நியே', மூட்டமாகத் தெரிவது 'நியோய்'. இரண்டும் மார்ட்டென்சைட்தான், அளவில்தான் வேறுபாடு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மசமுனே என்ற கொல்லரின் வாள்கள் இந்த நியேக்குப் பெயர்போனவை. வரைந்த கோடு எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஒரே மாதிரி சப்பென்று இருக்கும், மணிகள் தெரியாது.