திரும்பி வரும் பாட்டில் எங்கே போகிறது?

உலர்கழிவுப் பிரிப்பு மையங்களை வடிவமைப்பதும் அவற்றின் அன்றாட இயக்கத்தைக் கவனிப்பதும் என் தொழில். பான பாட்டில்களைப் பற்றிய கூட்டங்களில் மூன்று வெவ்வேறு வேலைகளை ஒன்றாகவே எண்ணிப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறுவது ஒரு வேலை. அதைக் கழுவி மறுபடி நிரப்புவது இன்னொரு வேலை. உடைத்தோ உருக்கியோ மீண்டும் மூலப்பொருளாக்குவது மூன்றாவது வேலை. பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கும் திட்டம் முதல் வேலையை உறுதி செய்கிறதே தவிர, மற்ற இரண்டில் எது நடக்கும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், நல்ல திட்டங்கள்கூடப் பாதி வழியில் நின்றுவிடும் என்பதே என் கவலை.

தமிழ்நாட்டில் இதற்குக் கண்முன் இருக்கும் எடுத்துக்காட்டு நீலகிரி. மலைப்பாதைகளின் ஓரத்திலும் முதுமலையை ஒட்டிய காடுகளிலும் மது பாட்டில்கள் வீசப்பட்டு உடைந்து கிடப்பது பல ஆண்டுகளாகத் தொடர்ந்த சிக்கல். யானையின் உள்ளங்கால் பார்ப்பதற்கு உறுதியாகத் தோன்றினாலும் கண்ணாடிச் சில்லுக்கு அது ஈடுகொடுக்காது. உள்ளே ஏறிய சில் சீழ் பிடித்துவிட்டால், தீனிக்கும் தண்ணீருக்கும் நெடுந்தூரம் நடந்தே ஆக வேண்டிய அந்த விலங்கின் உயிருக்கே அது ஆபத்தாக முடியும். சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டதைத் தொடர்ந்து, 2022 மே மாதம் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. திரும்பி வரும் பாட்டில்களின் விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. பின்னர் கோவை, பெரம்பலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவடைந்தது.

இந்த 10 ரூபாய் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதைப் பிரிப்பு மேசையில் நின்று பார்த்தால் தெளிவாகப் புரியும். கலப்புக் கழிவில் வரும் பொருள்களில் அட்டை, பெட் (PET) எனும் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டில், அலுமினியக் கேன் ஆகியவற்றைத் தேடி எடுக்க ஆள் உண்டு. காயலான் கடையில் அவற்றுக்கு விலை உண்டு. கண்ணாடியின் நிலை வேறு. எடை அதிகம், கிலோவுக்குக் கிடைக்கும் காசு குறைவு, சாக்கில் போட்டால் உடையும், உடைந்தால் கையைக் கிழிக்கும். பழைய பீர் பாட்டிலையாவது முழுதாக இருந்தால் எண்ணி வாங்குவார்கள்; குவார்ட்டர் பாட்டிலைத் தெருவில் பொறுக்குபவர்கூடக் குனிந்து எடுக்க மாட்டார். அதனால்தான் அது ஓடையிலும் வயலிலும் காட்டிலும் தங்கிவிடுகிறது, அல்லது குப்பை வண்டியில் ஏறி, கையுறை இல்லாமலோ கிழிந்த கையுறையோடோ வேலை செய்யும் தூய்மைப் பணியாளரின் விரலில் போய் முடிகிறது. பிரிப்பு மையங்களில் முதலுதவிப் பெட்டி எதற்காக அதிகம் திறக்கப்படுகிறது என்று கேட்டால், கண்ணாடி என்றே பெரும்பாலும் பதில் வரும்.

அதே குவார்ட்டர் பாட்டிலுக்கு 10 ரூபாய் என்ற விலை வந்த மறுகணமே அது கழிவு என்ற வகையிலிருந்து வெளியேறிவிடுகிறது. குடித்தவர் பொறுப்பானவராக இருந்தால் அவரே கொண்டுவந்து கொடுப்பார். பொறுப்பற்று வீசினாலும், அதை எடுத்துவந்து கொடுக்கும் இன்னொருவருக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். மனிதர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்காத ஏற்பாடு என்பதுதான் டெபாசிட் முறையின் வலிமை. விழிப்புணர்வுப் பதாகைகள் பல ஆண்டுகளில் செய்ய முடியாததை ஒரு பத்து ரூபாய்த் தாள் செய்துவிடுகிறது. விழிப்புணர்வுப் பணியில் ஈடுபட்டிருக்கும் நான் இதை ஒப்புக்கொள்வதில் தயங்கவில்லை.

ஆனால் பாட்டில் திரும்பி வர வேண்டுமானால் அதைப் பெற்றுக்கொள்ள ஓர் இடமும் ஒரு கையும் வேண்டும். நெருக்கடியான ஒரு சிறு கடையில், விற்பனைக்கான பெட்டிகளுக்கே இடம் போதாத நிலையில், ஈரமும் நாற்றமுமாக வந்து குவியும் காலிப் பாட்டில்களை எங்கே அடுக்குவது, வரிசை நீளும் மாலை நேரத்தில் யார் எண்ணிக் காசு கொடுப்பது என்று கடை ஊழியர்கள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. ஐரோப்பாவின் பல நாடுகளில் திரும்பப் பெறும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கடைக்காரருக்குக் கையாளும் கட்டணம் தரப்படுகிறது. இங்கும் திரும்பப் பெறும் பணிக்கெனத் தனி ஆள், தனி இடம், தனி ஊதியம் என்று ஒதுக்காமல் இருக்கும் ஊழியர்மீதே சுமையை ஏற்றினால், சுணக்கம் வருவது இயல்பு. வாங்கிய கடையில்தான் திருப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் சுற்றுலாத் தலங்களுக்குப் பொருந்தாது. ஊட்டியில் வாங்கியவர் கூடலூரில் குடித்தால், அந்தப் பாட்டிலை ஏற்க அங்கேயே ஒரு கடை இருக்க வேண்டும்.

இனி, திரும்பி வந்த பாட்டிலுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். கண்ணாடிப் பாட்டிலை மறுபடி நிரப்புவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாய்ப்பகுதியில் சிறு சிதைவும் இருக்கக் கூடாது. லேபிளின் பசை வெந்நீரில் கரைய வேண்டும். பாட்டில் ஒரே அளவிலும் வடிவிலும் இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், காஸ்டிக் சோடா கலந்த சூடான நீரில் ஊறவைத்துக் கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்து, நேராக நிரப்பும் இயந்திரத்துக்கு அனுப்பிவிடலாம். பீர் பாட்டில்கள் நம் நாட்டில் நெடுங்காலமாக இப்படித்தான் சுற்றிவருகின்றன. மற்ற மது வகைகளில் நிலைமை கடினம். ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென ஒரு வடிவத்தையும் புடைப்பெழுத்தையும் வைத்துக்கொள்கிறது. சிலவற்றின் வாயில் பிளாஸ்டிக் அடைப்பு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கலந்து வரும் பாட்டில்களைத் தயாரிப்பாளர்வாரியாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவதைவிடப் புதிய பாட்டில் வாங்குவது மலிவாகத் தெரிந்துவிட்டால், திரும்பி வந்த பாட்டிலுக்கு உடைகண்ணாடி உலைதான் கதி. முழுப் பாட்டில்கள் தவறான கைகளுக்குப் போனால் போலி மதுவுக்குப் பயன்படும் என்ற அச்சமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்குத் தீர்வு, பாட்டில்களை நிரப்பிய ஆலைக்கே கணக்கோடு திருப்பி அனுப்புவது.

உடைகண்ணாடியை உருக்குவதும் நல்லதுதானே என்று கேட்கலாம். குப்பைமேட்டில் புதைப்பதைவிட நல்லதுதான். ஆயினும் கண்ணாடி உலை ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். உலையில் போடும் கலவையில் உடைகண்ணாடியின் பங்கை 10 விழுக்காடு கூட்டினால் மிச்சமாகும் எரிபொருள் சுமார் 3 விழுக்காடுதான். அலுமினியத்தின் கணக்கு வேறு. தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் 5 விழுக்காடு அளவே பழைய கேனை உருக்கப் போதும். ஆகவே அலுமினியக் கேனை உருக்குவது பெரிய மிச்சம். முழுதாக இருக்கும் கண்ணாடிப் பாட்டிலை உருக்குவதோ கையில் இருக்கும் மிச்சத்தைத் தவறவிடுவது.

ஜெர்மனியின் அனுபவம் இந்த இடத்தில் நமக்கு முன்னெச்சரிக்கை. அங்கே மறுபடி நிரப்பும் பாட்டில்களுக்கு நீண்ட மரபு உண்டு. 1969-இல் குந்தர் குப்பெட்ஸ் வடிவமைத்த மினரல் வாட்டர் பாட்டிலைப் பல நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தின. லேபிள் மட்டும் மாறும், பாட்டில் ஒன்றே. எந்த ஊரில் குடித்தாலும் அருகில் இருக்கும் ஆலை அதைக் கழுவி நிரப்பிவிடலாம். கண்ணாடிப் பாட்டில் ஒன்று இப்படி 50 தடவை வரை சுற்றிவரும். 1991-இல் வந்த பொதியல் (பேக்கேஜிங்) விதிமுறை, மறுநிரப்புப் பாட்டில்களின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஒருமுறை மட்டும் நிரப்பிப் பயன்படுத்தும் ஒருமுறைப் பாட்டில்களுக்குக் கட்டாய டெபாசிட் வரும் என்று நிபந்தனை வைத்தது. பங்கு இறங்கியது, 2003 ஜனவரி 1 முதல் டெபாசிட் வந்தது. இன்று அங்கே ஒருமுறைப் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், மறுநிரப்பு பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். ஒருமுறைப் பாட்டில்களில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வருகின்றன.

ஆனால் எந்த மறுநிரப்பு முறையைக் காக்கத் திட்டம் கொண்டுவரப்பட்டதோ அது மேலும் சுருங்கி, அதன் பங்கு 40 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. கடையில் உள்ள இயந்திரம், ஒருமுறைப் பயன்பாட்டுக்கான பெட் பாட்டிலை வாங்கிய உடனேயே நசுக்கிவிடுகிறது. மலிவு விலைக் கடைகளுக்கு அது வசதி. கிரேட் வேண்டாம், கழுவும் ஆலை வேண்டாம், தூய்மையான ஒரே வகைப் பிளாஸ்டிக் மூலப்பொருளாகக் கிடைக்கிறது. 25 சென்ட் கொடுத்துத் திரும்பப் பெறும் வாடிக்கையாளருக்கோ ஒருமுறைப் பாட்டிலும் மறுநிரப்புப் பாட்டிலும் ஒன்றே என்ற எண்ணம். திரும்பும் விகிதத்தை மட்டும் வெற்றியாகக் கொண்டாடினால் மறுநிரப்பு எப்படிக் கைநழுவும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நமக்கு இந்த முறை புதிதும் அல்ல. 1872-இல் இங்கிலாந்தில் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கோலி சோடா பாட்டில் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவந்தது. கலர், சோடா எல்லாமே கிரேட்டில் வந்து கிரேட்டில் திரும்பின. பெட்டிக்கடை வாசலில் நின்று குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டுப் போவோம். வீட்டுக்கு எடுத்துப் போவதானால் கடைக்காரர் பாட்டிலுக்குத் தனியாகப் பணம் பிடித்துக்கொள்வார். அந்த முறைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, சட்டமும் போடவில்லை. பெட் பாட்டில் வந்து, திருப்பி எடுத்துச் செல்லும் செலவை நிறுவனத்தின் கணக்கிலிருந்து நகராட்சியின் கணக்குக்கு மாற்றியபோது அது மறைந்தது.

மறையாமல் இருப்பது 20 லிட்டர் தண்ணீர் கேன். முதல் கேனுக்கு டெபாசிட் கொடுக்கிறோம். அதன்பின் காலிக் கேனைக் கொடுத்து நிறைந்த கேனை வாங்குகிறோம். சென்னையில் இலட்சக்கணக்கான வீடுகள் அன்றாடம் பங்கேற்கும் மறுநிரப்பு முறை இது. இதில் ஒரு வேண்டுகோள் உண்டு. காலிக் கேனில் பினாயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. பிளாஸ்டிக் உறிஞ்சும், எத்தனை கழுவினாலும் வாசனை முழுதாகப் போகாது. ஜெர்மனியில் மறுநிரப்பு பெட் பாட்டில்களைக் கழுவும் ஆலைகளில் இதற்கென்றே வாசனையை மோந்தறியும் கருவிகள் பொருத்தியிருக்கிறார்கள். இங்கே கேன் நிரப்பும் சிறிய ஆலையில் ஒரு தொழிலாளியின் மூக்கை நம்பித்தான் அது நடக்கிறது. உட்புறம் கீறல் விழுந்த, பச்சைப் பாசி படிந்த, மங்கிப்போன கேன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வெயிலில் அடுக்கி வைத்து விற்கும் கடையை மாற்றுங்கள்.

சிறிய பெட் பாட்டில்களுக்கு மறுசுழற்சி மட்டுமே வழி என்பதால் அதன் நுட்பத்தையும் சொல்ல வேண்டும். பாட்டில்களைச் சிறு துண்டுகளாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால், பெட் துண்டுகள் மூழ்கும், மூடியின் துண்டுகள் மிதக்கும்; மிதப்பதை வழித்து எடுத்துவிடலாம். சிக்கல் பாட்டிலைச் சுற்றிச் சுருங்கி ஒட்டியிருக்கும் பளபளப்பான பிவிசி (PVC) பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அதுவும் பெட் போலவே மூழ்கும். பெட் உருகும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமிலத்தை வெளியிடும். ஒரு கைப்பிடித் துண்டுகள் கலந்தாலும் முழுத் தொகுதியும் மஞ்சளாகிக் கரும்புள்ளிகள் விழும். அப்படிக் கெட்ட சரக்கும் பச்சை, நீலப் பாட்டில்களும் பாட்டிலாகத் திரும்புவதில்லை; தலையணைப் பஞ்சுக்கும் நூலிழைக்கும் போகின்றன, அதற்கப்பால் அவற்றுக்கு இன்னொரு சுற்று அரிது. உறையின் வகையை மாற்றுவது நிரப்பும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பிரிப்பு மேசையில் நிற்கும் பெண்களின் கையில் இல்லை.

ஒன்றிய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம், கெட்டியான பிளாஸ்டிக் பொதியலில் ஒரு பகுதியை மறுபயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2025-26 முதல் இலக்கு வைத்தது: 0.9 லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலன்களில் 10 விழுக்காடு, 4.9 லிட்டருக்கு மேற்பட்டவற்றில் 70 விழுக்காடு. பெரிய தண்ணீர் கேனுக்கு இந்த இலக்கு எளிது. 200, 300, 500 மில்லி பாட்டில்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பாக்கெட் தடைசெய்யப்பட்ட பிறகு கல்யாணப் பந்திகளில் இலைக்கு ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது இந்தச் சின்னப் பாட்டில்தான். பந்தி முடிந்தபின் பாதிக்குமேல் தண்ணீரோடு அவை குவிந்து கிடப்பதை எந்த மண்டபத்தின் பின்பக்கத்திலும் பார்க்கலாம். நீலகிரி 2019-லேயே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தடை செய்து, குடிநீர் ஏடிஎம்களை நிறுவியது. தடையோடு மாற்று வழியும் சேர்ந்து வந்ததால்தான் அது நிலைத்தது.

மதுபாட்டில் திட்டத்தை மாநிலம் முழுவதும் நடத்தும்போது அரசிடம் நாம் கேட்க வேண்டிய கணக்கு இரண்டு. எத்தனை பாட்டில்கள் திரும்பின என்பது ஒன்று. அவற்றில் எத்தனை கழுவி நிரப்பப்பட்டன, எத்தனை உடைக்கப்பட்டன என்பது மற்றொன்று. 180 மில்லி, 375 மில்லி, 750 மில்லி என்ற மூன்று அளவுகளுக்கும் புடைப்பெழுத்து இல்லாத பொதுவான பாட்டில் வடிவம் ஒன்றை விதிக்க, மொத்தக் கொள்முதலும் சில்லறை விற்பனையும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருக்கும் தமிழ்நாட்டைவிட வசதியான இடம் இருக்க முடியாது. கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தாலே போதும். திரும்பக் கொடுக்கப்படாத பாட்டில்களால் மிஞ்சும் டெபாசிட் தொகையையும் கடைகளில் திரும்பப் பெறும் ஆட்களின் ஊதியத்துக்கும் கழுவும் ஆலைகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

வீட்டளவில், உடைந்த கண்ணாடியைத் தடித்த தாளில் சுற்றி, மேலே எழுதி, தூய்மைப் பணியாளரின் கையில் தனியாகக் கொடுங்கள். பெட் பாட்டிலைக் காலி செய்து, நசுக்கி, மூடியைத் திரும்ப மாட்டிக் கொடுங்கள். மூடி தொட்டியில் தானாகப் பிரிந்துவிடும், தனியாக வீசினால் சாக்கடைக்குத்தான் போகும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பேசும்போது, பந்திக்குச் சின்னப் பாட்டில் வேண்டாம், 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஓர் ஆளும் வேண்டும் என்று சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; விசேஷத்துக்கு முந்தைய நாள் சொன்னால் நடக்காது.